கிணற்றுத் தண்ணீரில் கழுவிய அணு

போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போனுக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வாங்கினேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊதினார். “ஒரு புள்ளி தூசி இருந்தாலும் காட்டிக் குடுத்துடும் சார்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்ட தாளில் இருந்த புள்ளிகளை நம்பித்தான் எழுபதுகளில் நான் உலகப் புகழ் அடையப் பார்த்தேன்.

யுரேனியம் வகையறாக் கனத்த அணுக்கருக்களை வேகமான துகள்களால் அடித்தால், சில மட்டும் உடனே பிளக்காமல், நீண்டுபோன ஒரு கோலத்தில் சற்றுத் தயங்கி, அப்புறம் பிளக்கும். பிளவு ஐசோமர் என்று பெயர். சற்று என்றால் நொடியில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் அந்த அணுக்கரு எவ்வளவு தூரம் பறந்தது என்று தெரிந்தால் ஆயுளைச் சொல்லிவிடலாம். அதற்காகப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாளை நீட்டி வைப்பார்கள். பிளந்த துண்டுகள் அதில் குத்தும். தாளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் குத்திய இடம் குழியாகும். தூரம் போகப் போகக் குழிகள் எப்படிக் குறைகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டியதுதான்.

அடிக்கிற யந்திரம் வடக்கே எங்கோ இருந்தது. தாள்கள் மட்டும் நான் ஆராய்ச்சி செய்த புதுச்சேரிக் கல்லூரிக்கு வரும். அங்கிருந்த மைக்ராஸ்கோப்பை விலங்கியல்காரர்கள் தவளைக்கே பட்டா போட்டிருந்தார்கள். என் கைடு ஒரு பழையதைத் தேடிக் கொடுத்து, “வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எண்ணுப்பா” என்றார். மடியில் வைத்து பஸ்ஸில் மரக்காணத்துக்குக் கொண்டுவந்தேன்.

சமையலறையில் காஸ்டிக் சோடா காய்ச்சி, தாள்களைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, எல்லாவற்றையும் ஒரே முனையில் கிளிப் மாட்டித் துணிக்கொடியில் தொங்கவிடுவேன். அடுப்பைக் கேட்டு அண்ணி சண்டைக்கு வருவார். அண்ணிக்குத் திண்டிவனம் பக்கம் விவசாயக் குடும்பம். வாக்கப்பட்ட நாள் முதல் எங்கள் ஊர்த் தண்ணீரைத் திட்டித்தான் அவருக்குப் பொழுது விடியும். எங்களுக்கோ அது உப்பென்றே தெரியாது, உப்பளக்காரன் நாக்கு. ஆனால் அண்ணிக்கு அரிசியில் கல் பொறுக்குகிற கண். என் கண் வலித்தால் அவர்தான் எண்ணுவார்.

புள்ளிகள் ஒரு முனையில் அடர்ந்து, தள்ளிப் போகப் போக அழகாகக் குறைந்தன. எல்லாத் தாளிலும் அப்படியே. யாரும் காணாத புது ஐசோமர்! கைடுக்குக் கடிதம் போட்டேன். அவர் அதை மாநாட்டில் அறிவிக்கப் பெட்டி கட்டினார். என் ஃபெலோஷிப் அந்த மாதத்தோடு முடிகிறது. இது நின்றால் நீட்டிப்பு. இல்லையென்றால் அப்பாவோடு உப்பளம்.

கைடு கிளம்ப ஒரு நாள் இருக்கையில் அண்ணி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “இதெல்லாம் சதுரமா இருக்குது தம்பி. குழி எங்கனா சதுரமா இருக்குமா?”

“அணு எப்படி வேணா இருக்கும் அண்ணி.”

“இந்தத் தண்ணியில எனக்குப் பருப்பே வேக மாட்டேங்குது. நீங்க போயி இதுல அணுவைக் கழுவியிருக்கீங்களே!”

எழுந்துபோய்க் கொடியைப் பார்த்தேன். கொடியில் தொங்கும்போது தண்ணீர் கீழ்முனைக்கு வடிந்து, உப்பு அங்கே பூத்திருக்கிறது. நான் அளந்தது ஐசோமரின் ஆயுளை அல்ல, ஈரம் காய்கிற கதையை.

“யாருக்குத் தெரியப் போவுது அண்ணி? அது கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள செத்துப்போற சாமான். இருந்துச்சா இல்லையான்னு யாரு வந்து கேப்பாங்க?”

“உங்க சாரு மேடையில நிக்கப் போறாரே தம்பி. அவரை நெனச்சிப் பாருங்க” என்றார்.

லாரிப் பட்டறையில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் வாங்கிவந்து அலசினேன். புது ஐசோமர் கரைந்தே போனது. ஏற்கெனவே எல்லாரும் அறிந்த பழைய ஐசோமரின் சில குழிகள்தான் மிச்சம். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். கைடு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். “நல்ல வேளை, இப்பவே வந்து சொன்னே. ஆனா உப்புன்னு எங்கயும் எழுதிடாதப்பா, மானம் போயிடும்” என்றார். நீட்டிப்பும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சில குழிகளை வைத்தே தீசிஸ் எழுதி முடித்தேன். பைண்டு செய்து வந்ததும் அண்ணி கேட்டார். “எம்பேரு எங்க தம்பி இருக்குது?” அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உப்பைச் சொல்லாமல் அண்ணியை எப்படிச் சொல்வது? நன்றிப் பக்கத்தைத் திறந்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்தேன். அது டைப் அடித்தவர் பெயர். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கிணற்றைத் தூர்த்தாயிற்று. மைக்ராஸ்கோப் போன இடம் தெரியவில்லை. அண்ணியும் போய்விட்டார். கடைசிவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைப் பிரிப்பார். சரியாக அதே இடத்தில் விரலை வைத்து, “இதான் நானு” என்பார். நானும் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறேன்.