சுத்த ஜரிகை லேப்டாப்

திருடன் வந்து கதவைத் தட்டி, "சாவியைக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேட்டான். கொடுத்தேன். "இது சேரலைங்களே" என்றான். அவன் சிரமப்படுகிறானே என்று மறுபடியும் கொடுத்தேன். மூன்றாவது தடவை, தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். இப்படிப்பட்ட உபகாரியை எந்தத் திருடனும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான்.

திருடன் என்று நான் சொல்வது ஓர் ஈமெயிலை. சாவி, இன்டர்நெட்டில் பட்டுப்புடவை விற்க என் அண்ணி வைத்திருந்த கணக்கின் பாஸ்வேர்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். அண்ணன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நான் டிகிரியும் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்துவிட்டு, செவிலிமேட்டில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணிக்குத் தெரிந்த தறிக்காரர்கள் நிறைய. அவர்களிடம் புடவை எடுத்து, ஊர் பேர் தெரியாதவர்கள் கூடி வாங்கி விற்கும் ஒரு இணையச் சந்தையில் போடலாம் என்ற யோசனை என்னுடையது. என் வாழ்நாளில் எனக்குத் தோன்றிய உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.

மொட்டைமாடியில் புடவையை விரித்து நான் போட்டோ எடுப்பேன். அண்ணி பக்கத்தில் நின்று, "அந்தக் கரையில ஒரு இழை விட்டுப் போயிருக்குது பாரு, அதையும் கிட்ட எடுத்துப் போடு" என்பார்.

"அதெல்லாம் யார் பாக்கப் போறாங்க அண்ணி?"

"வாங்கினவ பாப்பா."

எடுத்துப் போடுவேன். அந்தப் புடவையும் விற்றுவிடும். வாங்கியவர்கள் அந்தத் தளத்தில் இரண்டு வரி பாராட்டி எழுதுவார்கள். சாயங்காலம் அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். மலேசியாவிலிருந்து ஒரு அம்மா, "போட்டோவில் இருந்த நிறமே கையிலும் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அண்ணி அதை மட்டும் எத்தனையோ முறை சொல்ல வைத்திருக்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். கடைசியில் அந்த அம்மா மகளுக்கு அண்ணியின் பெயரை வைக்கப் போவதாகக் கூடச் சொல்லிவிட்டேன். "போதும்பா, அளந்தது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி சிரிப்பார். பல வருஷம், தட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்க்காதவர்களுக்குப் பரிமாறியவருக்கு, முகம் தெரியாத ஊர்களில் ஒரு பெயர் உண்டாகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பட்டுக்கடைகளில் காலை முதல் போணியை விட மாட்டார்கள். முதல் ஆள் வந்து என்ன கேட்டாலும் "இல்லை" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. விலையைக் குறைத்தாவது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கண்டிப்பு. அண்ணி இதைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் வரும் முதல் விசாரிப்புக்குப் பதில் அனுப்பாமல் எனக்குக் காபி கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த ஈமெயில் வந்தது. "நீங்கள் விற்கும் பொருள் இன்னும் இருக்கிறதா? பத்து வேண்டும். பதில் எழுத இங்கே அழுத்தவும்." எந்தப் பொருள் என்று அதில் இல்லை. அனுப்பிய முகவரி கோணல்மாணலாக இருந்தது. டிப்ளமாவில் இதையெல்லாம் பற்றி ஒரு வகுப்பே நடத்தினார்கள். அன்று நான் பின்வரிசையில் வாத்தியாரைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கற்பூரம் எரிகிறது, போணி காத்திருக்கிறது, காபி ஆறுகிறது. அழுத்தினேன். எப்போதும் வருகிற பக்கம் மாதிரியே ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. தவறு என்றது. திரும்ப அடித்தேன். மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

"பத்துப் புடவை அண்ணி. கல்யாணப் பார்ட்டி போல இருக்குது."

அண்ணி இன்னொரு கட்டி கற்பூரம் ஏற்றினார்.

மறுநாள் கணக்குக்குள் போக முடியவில்லை. முந்தின நாள் அழுத்தியது ஞாபகம் வந்தது. "சைட்ல ஏதோ ரிப்பேர் அண்ணி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் வெளி ஆள் மாதிரி எங்கள் கடையைத் திறந்து பார்த்தேன். புடவைகள் ஒன்றுமில்லை. வரிசையாக லேப்டாப், கேமரா. எல்லாம் பாதி விலை. திருடனும் என் ஜாதி சோம்பேறி போலிருக்கிறது. நான் எழுதிய விவரத்தை முழுக்க அழிக்கவில்லை. லேப்டாப் படத்துக்குக் கீழே "சுத்த ஜரிகை. கைத்தறி. சாயம் போகாது. முதல் சலவை லாண்டிரியில் போடவும்" என்று இருந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் கீழே மலேசிய அம்மா எழுதியது அப்படியே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றே தளத்துக்காரர்களுக்கும் அண்ணிக்கும் சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மை வெளியே வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஓசூரிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். ஏதோ கம்பெனியில் ஃபிட்டர். மகள் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு லேப்டாப்புக்குப் பணம் அனுப்பியிருந்தார். பொருள் வராததால் தளத்தில் விலாசம் வாங்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார்.

"தண்ணி வேணாம்மா. உங்களைப் பத்தி அத்தனை பேர் நல்லவங்கன்னு எழுதி இருந்தாங்க. அதைப் படிச்சுட்டுத்தாம்மா அனுப்பினேன்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "எவனோ கணக்கைத் திருடிட்டான் போல அண்ணி" என்றேன், அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தவனைப் போல. அண்ணிதான் முதலில் செருப்பை மாட்டினார். "வாங்க, போலீஸ்ல சொல்லலாம்."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஓசூர்க்காரர் கொண்டுவந்த பிரின்ட்டைப் படித்தார். "ஏம்மா, இந்த லேப்டாப்பை எந்தத் தறியில நெய்யறீங்க?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, பாஸ்வேர்டு வெளிய எப்படிப் போச்சு?"

யாரும் என்னைக் குறிப்பாகக் கேட்கவில்லை. இருந்தும் நான்தான் பேசினேன். "அண்ணி வெகுளி சார். யாராச்சும் போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

அண்ணிக்கு அந்த பாஸ்வேர்டே தெரியாது. நான் அவருக்குச் சொன்னதே இல்லை. "எனக்கே தெரியாதே சார்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் நான் அங்கேயே மாட்டியிருப்பேன். அவர் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். "இருக்கலாம் சார்" என்றார்.

ஓசூர்க்காரர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க வெகுளித்தனத்துக்கு என் பொண்ணு படிப்பா கிடைச்சுதும்மா?"

அண்ணி அதையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து படியிறங்கினோம். அண்ணி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். என்னால் அவரோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. திரும்பி உள்ளே போய், "சார், அது நான்" என்றேன். போணி, கற்பூரம், மூன்று தடவை அடித்தது, ரிப்பேர் என்று புளுகியது எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்.ஐ. "படிச்சிருக்கியா நீ?" என்று கேட்டார். டிகிரியைச் சொன்னேன். அதற்குத்தான் கான்ஸ்டபிள்கள் அதிகம் சிரித்தார்கள். ஓசூர்க்காரர் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் அண்ணியிடம், "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அவர் திட்டியது சேர வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஓசூர்க்காரர் பணம் வடக்கே ஏதோ ஒரு பாங்கியில் போய் விழுந்ததோடு சரி. திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. தளத்துக்காரர்கள் கணக்கையே மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைச் சொன்னபோது அண்ணி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

"மலேசியா அம்மா எழுதினதும் போச்சா?" என்றார்.

"போச்சு அண்ணி."

அதற்குமேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சோறு போடுவதிலும் குறை வைக்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் அவரே பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, புதுக் கணக்குத் திறந்துகொண்டு வந்தார். ஒரு பாராட்டும் இல்லாத வெறும் கணக்கு. எனக்கு இரவில் சொன்னார். பழைய உரிமையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, விரல்களைச் சொடுக்கினேன்.

"பாஸ்வேர்டு இன்னா அண்ணி?"

"உனக்கு எதுக்குப்பா அது?"