சைடின் வலது கன்னம்

இருபத்திரண்டு. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுஷன் ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. மற்றது மறந்தாலும் பரவாயில்லை.

டெப்போவில் அந்த ஓட்டுநருக்கு ‘சைடு’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் நேர்முகமாகப் பேசமாட்டார். தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கன்னத்தை மட்டும் நமக்குக் கொடுத்துவிட்டுப் பேசுவார். டீக்கடையில் வலப்பக்கம் சுவர் இருக்கிற மூலை கிடைத்தால்தான் உட்காருவார். இல்லையென்றால் நின்றே குடிப்பார். சங்கத்து குரூப் போட்டோக்கள் ஐந்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்திலும் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்பவர்போலத் திரும்பியிருந்தார்.

நூற்றெண்பது வண்டிகள் ஓடும் டெப்போ அது. நான் அப்போது அதன் தொழிலாளர் சங்கச் செயலாளர். சைடும் கமிட்டி உறுப்பினர். அவருடையது தொலைதூர வண்டி. காலை ஆறே முக்காலுக்கு வடக்கே கிளம்பும். மதியம் அங்கே நிற்கும். பிறகு தெற்கே திரும்பி மாலை ஐந்தரைக்கு டெப்போவுக்குள் வரும்.

ஒரு திங்கட்கிழமை, டயர் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில் கமிட்டி ஏழு பேரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம்: வியாழன் காலை ஒரு வண்டியும் வெளியே போகாது. புதன் சாயங்காலம் வரை விஷயம் ஏழு பேருக்குள் இருக்கவேண்டும். நோட்டீஸை நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். புதன் காலை கேட்டுக்குப் போனால், வெளியாட்கள் நாற்பது பேர் காக்கிச்சட்டையில் நிற்கிறார்கள், கையில் தற்காலிக ஆர்டரோடு. வேலைநிறுத்தம் பிறக்கும் முன்பே செத்தது.

ஏழு பேரில் ஒருவன் வாயைத் திறந்திருக்கவேண்டும். அவன் யார் என்பதில் டயர் மாமாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அவர் டயர் பிரிவின் மூத்த மெக்கானிக், கமிட்டியில் உரத்த குரல்.

“மூஞ்சி குடுத்துப் பேசாதவன எப்படி நம்பறது தோழர்?”

“அது அவரு பழக்கம் மாமா.”

“வண்டிய விட்டதும் தெனம் மாடி ஏறிப் போறானே, அதுவும் பழக்கமா? மேல மேனேஜர் ரூம் இருக்கு. கணக்கு ரூம் இருக்கு. நம்மாளுக்கு அங்க என்ன வேல?”

மாடி விஷயம் எனக்கும் தெரியும்.

“இன்னொன்னு கவனிச்சீங்களா? நமக்கெல்லாம் வருசா வருசம் வயசு ஏறுது. அவனுக்கு மூணு வருசமா மீட்டர் ஓடவே இல்ல. எவனோ நல்லா கவனிச்சுக்கறான்.”

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். சைடின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடிப்பது என்று தீர்மானம் தயாரானது. அப்படி அடிக்கப்பட்டவனோடு டெப்போவில் ஒருவரும் டீ குடிக்கமாட்டார்கள். விசாரணை என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்க ஆள் வராது. இதைவிடப் பெரிய தண்டனை எங்களிடம் கிடையாது. அதனால் நானே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அவர் வண்டியில் போகும் நடத்துநர் அம்மாவைப் பிடித்தேன்.

“நான் டிக்கெட் கிழிக்கிற ஆளு தோழர். உளவு பாக்கற ஆளு இல்ல.”

“பாத்தத மட்டும் சொல்லும்மா.”

“மதியம் வண்டி நின்னதும் பின்னாடி போயிடுவாரு. பத்து நிமிசம். பையில ஒரு டியூபு வெச்சிருக்காரு. என்னண்ணேன்னு கேட்டா அலர்ஜிங்கறாரு. மூணு வருசமா ஒரே அலர்ஜி.”

“என்ன டியூபு?”

“அத வாங்கிப் பாக்க நான் செக்கிங் இன்ஸ்பெக்டரா? வாசனை ஒண்ணும் மோசமில்ல.”

அன்று மாலை ஐந்தரைக்கு வண்டி உள்ளே வந்தது. சைடு ட்ரிப் ஷீட்டைக் கொடுத்துவிட்டு மாடி ஏறினார். நான் இருபது படி பின்னால். மேனேஜர் அறையைத் தாண்டினார். கணக்கு அறையையும் தாண்டினார். கடைசியில் இருக்கும் அதிகாரிகள் கழிப்பறைக்குள் போனார். உள்ளே யாரோ காத்திருக்கிறான் என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை. மனுஷன் கண்ணாடி முன் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்க வந்தீங்க?” என்றேன்.

“இந்தக் கண்ணாடியத்தான் தோழர்.”

கீழே எங்கள் குழாயடியை நினைத்துப் பார்த்தேன். கிரீஸ் கையோடு நூறு பேர் திறந்து மூடும் ஒரே குழாய், துணி சோப்புத் துண்டு, ரசம் போன கண்ணாடிச் சில்லு ஒன்று. இங்கே வெள்ளை பேசின், இரண்டு டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் முதன்முறையாக அவர் முழு முகத்தையும் நேராகப் பார்த்தேன்.

இடது கன்னம் நாற்பது வயது ஆளுடையது. வலது கன்னம் அந்த ஆளின் அப்பாவுடையது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. காதோரத்திலிருந்து வாய் வரை கோடு கோடாக, மழையில் நனைந்து காய்ந்த நோட்டீஸ்போல. நடுவில் காப்பி நிறத்தில் திட்டுகள். மூக்குதான் எல்லைக்கோடு.

அவர் மெல்லிய பருத்தித் துணியால் முகத்தை ஒற்றினார். தேய்க்கவில்லை. ஈரம் முழுசாகக் காயும் முன்பே ஒரு சின்ன டப்பியிலிருந்து களிம்பை எடுத்து நெற்றியிலிருந்து கழுத்து வரை தடவினார். மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“என் வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடிக் கடையில வேல பாக்கறா. மூணு வருசத்துக்கு முன்னாடி அவளக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். தெருவப் பாத்து வாசல்ல நின்னேன், வலது கன்னம் கடைப் பக்கம். கடைப் பொண்ணு உள்ள பாத்து கொரல் குடுக்குது, அக்கா, உங்க அப்பா வந்திருக்காருன்னு.”

“உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?”

“சிரிச்சா. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்பறம் கதவ சாத்திட்டு கண்ணாடியப் பாத்தேன்.”

கண்டதையும் வாங்கியிருக்கிறார். பதினான்கு நாளில் பத்து வயது குறையும் என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு கிரீம் கன்னத்தைப் பொசுக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரிடம் போயிருக்கிறார்.

“உள்ள போய் உக்காந்ததும் அவரு கேட்டாரு, எந்த ரூட்டுல ஓட்டறீங்கன்னு. நான் டிரைவர்னே சொல்லல தோழர். கன்னத்தப் பாத்தே சொல்லிட்டாரு. காலைல வடக்க போறேன், சூரியன் வலப்பக்கம். சாயங்காலம் தெக்க வர்றேன், சூரியன் அந்தப் பக்கம் போயிருக்கும், ஆனா எனக்கு மறுபடியும் வலப்பக்கம். இருபத்திரண்டு வருசம் அது என் ஒரு கன்னத்த மட்டும் பாத்திருக்கு.”

“ஜன்னல்ல துண்டு கட்டிக்க வேண்டியதுதான?”

“கட்டினேன். சைடு கண்ணாடி மறைக்குதுன்னு மெமோ குடுத்தாங்க. அந்த மெமோவுக்குப் பதில் எழுதிக் குடுத்ததே நீங்கதான்.”

உண்மை. எழுதியது ஞாபகம் வந்தது. துண்டு ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் பையிலிருந்த டியூபை வாங்கிப் பின்னால் போட்டிருந்ததைப் படித்தேன். முகர்ந்தேன். மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். “வெயில் படாம தடுக்கறது சார். விழுந்த சுருக்கத்த அழிக்காது. இனிமே விழறதத் தள்ளிப் போடும். வேற மாயம் ஒண்ணும் இல்ல,” என்றார். பத்து வயது குறையும் என்று அவர் சொல்லியிருந்தால் டியூபைக் குப்பையில் போட்டிருப்பேன்.

அன்று கழிப்பறையை விட்டு வெளியே வரும்போது சைடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத வெளிய சொல்லிடாதீங்க.”

“சொல்லலைன்னா வெள்ளிக்கிழம உங்க பேர அடிச்சுடுவாங்க.”

“அடிக்கட்டும். காட்டிக் குடுத்தவன்னு சொன்னா தாங்கிக்கலாம். மூஞ்சிக்கு கிரீம் பூசறவன்னு சொன்னா, அப்பறம் எப்படி தோழர் இந்த கேட்டுக்குள்ள வண்டி ஓட்டறது?”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குக் கூட்டம். சங்கக் கட்டடத்துக் கூடத்தில் இரும்பு நாற்காலிகள், மேற்கே பெரிய ஜன்னல். டயர் மாமா எழுந்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். நேராகப் பார்ப்பதில்லை. தினமும் மாடி. ரகசிய டியூப். ஏறாத வயசு.

“மாடிக்கு எதுக்குப் போற? அத மட்டும் சொல்லு. நான் உக்காந்துடறேன்.”

சைடு சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் உறுப்பினர் பட்டியலைத் திறந்து அவர் பெயர் இருக்கும் வரியைக் கண்டுபிடித்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு ஒரு காரணம். டியூபில் இருப்பது கிரீம்தான் என்றாலும் மாடிக்குப் போவது அதற்கு மட்டும்தானா என்று எனக்குள் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம்.

நாற்காலி உரசும் சத்தம் கேட்டது. சைடு எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முதலில் வலது கன்னத்தைக் காட்டினார்.

“இது கம்பெனிக்கு ஓட்டினது.”

திரும்பினார்.

“இது என் பொண்டாட்டி கட்டிக்கிட்டது. மாடில இருக்கற பாத்ரூமுல மூஞ்சி கழுவி கிரீம் பூசறேன். மேல தண்ணி சுத்தமா இருக்கு. வேற ஒரு மண்ணும் இல்ல.”

கூடம் சிரித்தது. கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே சிரித்தது. “மேக்கப்பு டச்சப்பு பண்றியா மாப்ள?” என்று ஒருவன் கேட்டான். சைடு காது சிவக்க நின்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கேட்டவனைப் பார்த்துச் சொன்னார்:

“நீயும் பதினாறு வருசமா ஓட்டற. ஜன்னல் பக்கம் வந்து திரும்பு.”

அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். நடத்துநர் அம்மா எழுந்து பக்கத்தில் போய், டிக்கெட் சரிபார்ப்பதுபோல அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.

“இவருக்கும் வலது,” என்றார்.

பிறகு வரிசை வரிசையாகப் போனார். “வலது. வலது. இவருக்குத் திட்டே விழுந்திருக்கு, வலது. தம்பி நீ எட்டு மாசந்தான ஆச்சு, பொழச்சுக்கோ. அடுத்தவரு வலது.” நடத்துநர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. மெக்கானிக்குகளுக்கும் அப்படியே. ஓட்டுநர்களுக்கு மட்டும்தான் மூக்கில் எல்லைக்கோடு. சிரிப்பு எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை. ஆட்கள் தங்கள் கன்னத்தைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக எத்தனையோ மேசைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசியவன் நான். ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

டயர் மாமா அசரவில்லை. “கிரீம் பூசறவன் காட்டிக் குடுக்க மாட்டானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தீர்மானத்தைத் தள்ளி வைத்தோம். பக்க ஜன்னலுக்கு, கண்ணாடியை மறைக்காத திரை வேண்டும் என்று அதே கூட்டத்தில் புதுக் கோரிக்கை எழுதினோம்.

மறுவாரம் குழாயடியில் ஒருவன் சைடிடம் ஒதுங்கிப் போய்க் கேட்டான்: “அண்ணே, எவ்வளவு பூசணும்?” அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். “இந்த ரெண்டு வெரல் நீளத்துக்கு. காதையும் கழுத்தையும் விட்டுடாத. மதியம் மறுபடியும் பூசு. சாயங்காலம் கழுவிட்டுத் துண்டால தேய்க்காத, ஒத்தி எடு. ஈரத்தோட களிம்பு போடு. பத்து வயசு கொறையும்னு எவனாவது சொன்னா காசு குடுக்காத.” நான் எழுதிய எந்த நோட்டீஸும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

நிர்வாகம் இரண்டு மாதம் கழித்துப் பதில் போட்டது. திரை ஓட்டுநரின் பார்வைக்கு இடைஞ்சலாம். சில வண்டிகளில் மட்டும் போட்டுப் பார்ப்பார்களாம். கூடவே, நல்லெண்ண அடையாளமாக ஒரு பெட்டி முகக் கிரீம் வந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தேதி முடிந்து ஏழு மாதம். பெட்டியை அப்படியே மாடிக்கு அனுப்பினேன்.

காட்டிக் கொடுத்தது யாரென்று தெரிய நான்கு மாதமானது. ஆள் இல்லை, அச்சகம். என் நோட்டீஸின் முதல் பிரதியைக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி ட்ரிப் ஷீட்டும் அதே கடையில்தான் அச்சாகும். செவ்வாய்க்கிழமை கட்டு எடுக்க வந்த குமாஸ்தா அண்ணாந்து படித்திருக்கிறார். கம்பெனி வேலை அங்கே நடக்கிறது என்று தெரிந்தும் கொடுத்தவன் நான். பழகின கடை, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லி, சைடிடம் மன்னிப்புக் கேட்டேன். டயர் மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். சைடு “சரி தோழர்” என்றார், நேராகப் பார்த்து.

வெளியே வரும்போது நடத்துநர் அம்மா அவரைச் சீண்டினார். “இப்ப அந்தக் கடையில உங்கள என்னண்ணே சொல்றாங்க?”

“சித்தப்பாங்கறாங்க. அப்பால இருந்து சித்தப்பாவுக்கு வந்திருக்கேன். மெதுவாத்தான் வரும்.”

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் செயலாளராக இருந்தேன். திரைக்காக ஒன்பது கடிதம் எழுதினேன். பொறுப்பை ஒப்படைத்த அன்று காலை, வண்டிகள் வெளியே போகும்போது கேட்டில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றெண்பதில் திரை போட்டவை, பதினொன்று.