ரப்பர் பால் பூசிய கார்

கார் என்றாலே எனக்கு இன்றும் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் நாற்றமும் வெடித்த விரல்களும்தான். ஏறிப் போன சுகம் பாதி நாள்கூட இல்லை. துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் நான் கண்ட கார்.

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் சர்க்கார் பஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் வீடு பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். கல்யாணம் கழிந்த முதல் இரண்டு வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அவர் துவைக்கப் போட்டுவிட்டுப் போகும் காக்கிச் சட்டையைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார் ஒருவர். அவருக்கு அப்போது ஊணும் உறக்கமும் சமரம்தான். எங்கள் தாலுகாவும் தெற்கே உள்ள தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகப் போராட்டக் கூட்டம் நடந்த காலம். காலையில் சாயாக் கடைக்குப் போனால் பேப்பரை எழுத்துக் கூட்டி எல்லாருக்கும் வாசித்துவிட்டு, உச்சிக்குச் சோற்றுக்குத்தான் வருவார்.

இந்தக் கார், காட்டாக்கடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. உலகச் சண்டைக்கு முந்தின சாமான். கோழி உள்ளே அடை காத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து இறைப்பு எஞ்சினை இவர் சரிசெய்து கொடுத்ததற்குக் கைமாறாக இதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தினார் வீட்டுக்காரர். ஊரே வாசலில் நின்று சிரித்தது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அன்று அவர் சொன்ன வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

"இந்த வண்டி ரோட்டுல எறங்கட்டு பிள்ளே. அண்ணைக்கே நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன். நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் வாடகைக்கு ஓட்டினா நமக்குப் போதும். பின்ன தினமும் வீட்டுச் சோறாக்கும்."

எனக்கு வேண்டியது அதுதான். மனுஷன் வீட்டோடு இருக்க வேண்டும். அதற்குக் கார் ஓட வேண்டும் என்றால் ஓடட்டும் என்று நானும் இறங்கிவிட்டேன்.

ஒன்றரை வருஷம் சனியும் ஞாயிறும் அதன் அடியிலேயே கிடந்தார். ஒருநாள் எஞ்சின் உறுமியது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இனி பெயிண்ட் அடித்தால் முடிந்தது. குழித்துறையிலிருந்து பெயிண்டர் வந்து பார்த்தார். "பழைய பெயிண்டு மேல அடிச்சா நிக்காது. முழுசும் எடுத்து வெறுந்தகடா ஆக்கி வையுங்க, ரெண்டு வாரத்துல வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் ஊதுவிளக்கு வைத்து எரித்தும் சுரண்டியும் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லாமல் உரித்து வைத்தார். மட்கார்டு, கதவு, மூடி எல்லாம் வெறும் இரும்பு. அந்த வாரமே சமரம் சூடு பிடித்தது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள், கடையெல்லாம் அடைத்தார்கள், போலீஸ் வந்து இறங்கியது. பெயிண்டர் வரவில்லை. இரண்டு வாரம் நான்கு மாதமாயிற்று. நடுவில் மழையும் தொடங்கிவிட்டது.

வெறுந்தகடு இருக்கிறதே, அது கைக்குழந்தையைவிட மோசம். குழந்தை தூங்கும் நேரமாவது உண்டு. வீட்டுக்காரர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்த முறை இது: முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய பசையை எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு கிரீஸை இளக்கி எஞ்சின் ஆயிலில் கலந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். கை படக் கூடாது. வியர்வைக் கை பட்ட இடத்தில் மறுநாள் ஐந்து விரலும் அப்படியே சிவப்பாக எழுந்து நிற்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தார்ப்பாயைத் தகட்டின்மேல் படும்படி போர்த்தவும் கூடாது, உள்ளே வேர்க்குமாம். "தேங்காய் எண்ணெய் போட்டா என்ன?" என்று மாமனார் ஒருநாள் கேட்டார். "அது காறிப் போவும் அப்பா, காறினா தகட்டத் தின்னும்" என்றார் மகன். கொட்டகையின் நாலு மூலையிலும் ஈரத்தை இழுக்கச் சுட்ட சுண்ணாம்பு வைக்க வேண்டும், நீறிப் போனால் மாற்ற வேண்டும்.

இத்தனையும் யார் செய்வது? நான்தான். மாடு, பால், சோறு, மரச்சீனி, மாமனார் எல்லாவற்றுக்கும் மேலே இது. மழை பிடித்தால் தினமும் துடைத்தாலும் கதவின் அடி விளிம்பில் சிவந்துவிடும். செங்கல் பொடி வைத்துத் தேய்த்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மீனில் உப்பு போட்டால் உயிர் போகும். சில நாள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு அந்தக் காரைப் பார்த்து, "நீ நாசமாப் போவ" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு உள்ளே போய்த் துடைப்பேன்.

இதற்கிடையில் பஸ்களைக் கல்லால் அடிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடி உடைந்த பஸ்ஸெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் வந்து குவிந்ததாம். சனியும் இல்லை ஞாயிறும் இல்லை, லீவே கிடையாது என்று இவர் கார்டு போட்டார். கல் எறிந்தவன் எங்கள் ஆள், உடைந்த பஸ்ஸைச் சரிசெய்கிறவன் என் ஆள். கார்டின் கடைசி வரியில் "தகட்டைக் கவனி" என்று எழுதியிருந்தார். எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. அன்று நான் அழுதேன்.

அந்த வாரம்தான் என் அண்ணன் ஆரியங்கோட்டிலிருந்து மழையோடு மழையாக வந்தான். அவன் ரப்பர் வெட்டுகிறவன். தலையிலிருந்து முட்டு வரைக்கும் ஒரு சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். சாக்கில் ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்தால் ஒரு சொட்டு வெள்ளம் உள்ளே இறங்காது. வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் மழைக்கோட்டு அதுதான். சாக்கை உதறிவிட்டு அவன் உட்கார்ந்தபோது உள்ளே வேட்டி காய்ந்தபடியே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, அந்தப் பால இந்தக் காருக்குப் பூசினா என்ன?"

அவன் சிரித்தான். பிறகு யோசித்தான். பிறகு, "எட்டி, கொள்ளாமே! சாக்குல எறங்காத வெள்ளம் தகட்டுல எப்பிடி எறங்கும்? உனக்க மாப்பிள ஒர்க்‌ஷாப்புல இருந்தும் இது தோணல்லியே!" என்றான்.

மறுநாளே ஒரு வாளிப் பால் கொண்டுவந்தான். கிரீஸ் இருந்தால் பால் ஒட்டாது என்று அத்தனையையும் மண்ணெண்ணெயில் துடைத்து எடுத்தோம். இரண்டு பேருமாகத் தேங்காய் நார்ச் சவுரி வைத்து இழுத்துப் பூசினோம். சீக்கிரம் உறையட்டும் என்று, ரப்பர் ஷீட் அடிக்கப் பாலில் ஊற்றுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து மேலே ஒரு ஒற்று ஒற்றினான். ரப்பர்க்காரர்கள் பாலைக் கண்டால் ஆசிட் ஊற்றாமல் இருக்க மாட்டார்கள், கை தானே போகும். சாயங்காலத்துக்குள் கார் முழுவதும் தோல் பிடித்துவிட்டது. மேலே தண்ணீரைக் கோரி ஊற்றிப் பார்த்தோம். உருண்டு ஓடியது. அண்ணன் கைதட்டினான். அன்றைக்கு நான் உறங்கிய உறக்கம், கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு உறக்கம் இல்லை.

ஏழு வாரம் துடைக்கவில்லை. விரல்கள் ஆறத் தொடங்கின. மாமனார் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கிறவர் இல்லை. ஒருமுறை அவரைத் தேடி வந்த போலீஸ்காரர் ஒருவர்தான் கொட்டகைக்குள் நுழைந்து, வெளிறிப் போய் நின்ற வண்டியை லத்தியால் குத்திப் பார்த்து, "எந்தா சேச்சீ, காறினு சுகமில்லே?" என்று, காருக்கு நோயா என்கிற மாதிரி மலையாளத்தில் கேட்டார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு நிலைமை கொஞ்சம் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரோடு வருகிறேன் என்று வீட்டுக்காரர் கார்டு போட்டார். வியாழக்கிழமை நான் உற்சாகமாகக் கொட்டகைக்குப் போய், மட்கார்டில் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். காய்ச்சின பாலின் ஆடை மாதிரி சுலபமாக உரிந்து வந்தது. அடியில் பார்த்தேன். ஐயோ! தகடு முழுவதும் நனைந்த செம்மண் நிறம். புளிச்ச வாடை அடித்தது. இன்னொரு இடம் உரித்தேன், அங்கேயும் அதே. பாலில் இருந்த தண்ணீரையும் ஆசிட்டையும் உள்ளே வைத்து நானே மூடிக்கட்டிக் கொடுத்திருக்கிறேன். வெளி மழை உள்ளே போகவில்லை, உள் ஈரம் வெளியே வரவில்லை.

அண்ணனைக் கூப்பிட நேரம் இல்லை. உரித்ததையெல்லாம் தென்னந்தோப்புக் குழியில் போட்டு எரித்தேன். இரண்டு நாள் செங்கல் பொடியும் உப்புத்தாளும் வைத்துத் தேய்த்தேன். நிறம் கொஞ்சம் மாறியது. ஆனால் தகட்டில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்துவிட்டது. அது எப்படிப் போகும்? மேலே கிரீஸைத் தடவி வைத்தேன். ஆறியிருந்த விரல்களெல்லாம் மறுபடி கிழிந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயிண்டர் துணியால் கிரீஸை வழித்துவிட்டு, கதவின் அடியில் கத்தி முனையால் கீறினார். மட்கார்டில் கீறினார். உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கென்று மாமனாரும் சாயாக் கடைக்குப் போகாமல் வந்து நின்றிருந்தார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"பிள்ளே, எடையில தொடைக்காம விட்டியா? விட்டுருந்தா சொல்லு. ஒண்ணும் இல்ல."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பெயிண்டர் நிற்கிறார், மாமனார் நிற்கிறார். மாடாய் உழைத்தவளிடம், "உனக்கு எப்படி இருக்கு" என்று ஒருநாளும் கேட்காதவர், இத்தனை பேர் நடுவில் இதைக் கேட்கிறாரே என்று எனக்கு எரிந்தது.

"ஒரு நாளு விடல்ல" என்றேன். "தினமும் தொடைச்சேன்."

அவர் என் கையை எடுத்துப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

"அப்பிடிண்ணா தகடு உள்ளுக்குள்ள செத்துப் போச்சு" என்றார் பெயிண்டரிடம்.

"அதாக்கும்" என்றார் பெயிண்டர். "தொடைக்காம வந்த துருண்ணா கவலை இல்ல. தேச்சு எடுத்துட்டு அடிச்சா வருஷக்கணக்கா நிக்கும். இவ்வளவு பாத்தும் பொங்குதுண்ணா, பெயிண்டு அடிச்சாலும் ஆறு மாசத்துல மேல வரும்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வீட்டுக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத நம்பி சர்க்கார் வேலைய எப்பிடி விடுவேன்?" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை காலை காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆக்கர்க்காரனுக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன், வந்தால் காரைக் கொடுத்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

பழைய இரும்பு எடுக்கிற அந்த ஆள் புதன்கிழமை உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார். மட்கார்டை வெட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டு, வெட்டின விளிம்பை என்னிடம் காட்டினார்.

"அக்கா, இது நல்ல கட்டித் தகடாக்கும். மேலாப்புல மட்டும்தான் துரு. உள்ள பாருங்க, என்ன வெளுப்பு! எதுக்கு இதக் களையுதீங்க? வேணும்ணா நிறுத்திட்டுப் போறேன். உங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு கார்டு எழுதிக் கேளுங்க."

கார்டு எழுதினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. வெட்டுங்க" என்றேன். சாயங்காலம் வரைக்கும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லை போட்டார்கள். பெயிண்டரின் ஊர் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். மாமனார் இரண்டு நாள் சோறு உண்ணவில்லை. என் வீட்டுக்காரர் அதன் பிறகு இருபத்தாறு வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார், திங்கட்கிழமை காலை போனார். இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த நடுவில்தான். சின்னவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, "அப்பா எப்போ வருவாரு?" என்று அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். நான் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பென்ஷன் ஆகி அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்த வாரம், கூட வேலை பார்த்த ஒருவர் பார்க்க வந்திருந்தார். பேச்சு எப்படியோ அந்தக் காருக்குப் போயிற்று. நான் சாயா கொண்டுபோய் வைத்தேன். இவர் என்னைக் காட்டிச் சொன்னார்.

"நாலு மாசம் ஒரு நாளு விடாம தொடைச்சவளாக்கும் இவ. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. இவளுக்க கையில நிக்காத தகடு பின்ன யாரு கையில நிக்கும்?"

வந்தவர் என்னை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார். "சாயா ஆறுது, குடிங்க" என்றேன்.