தாள் துளிர்க்குமா

முப்பது வயதாவதற்குள் எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. தஞ்சாவூரில் பார்த்த பெண் டாக்டர் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். சினைப்பையில் முட்டை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. வேறொரு பெண்ணின் முட்டையைப் பெற்றுக் கருத்தரிக்கலாம். எனக்கு அது வேண்டாம். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் அம்மாவின் மூக்கு ஒரு பிள்ளைக்கு வர வேண்டும் என்ற அற்ப ஆசை, அவ்வளவுதான்.

என் கணவருக்கு வயலும் யூடியூபும்தான் உலகம். ஸ்டெம் செல் வைத்தியத்தைப் பற்றி எதிலோ பார்த்துவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேவிட்டார். எலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்துச் சினைப்பையில் செலுத்திப் பார்க்கிறார்கள், எல்லாம் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்றார் டாக்டர்.

"அறுத்த நெல்லுத் தாளுக்குத் தண்ணி கட்டுனா மறுபடி துளிர்க்குதே, மறுதாம்புன்னு விட்டு அறுக்கிறோம். அது மாதிரிதானேங்க?" என்றார் கணவர்.

"தாளுல உயிர் இருந்தாத் துளிர்க்கும். இவங்களுக்கு இருக்கான்னு சொல்ல முடியாதுங்க. சிகிச்சைன்னு யாராவது கூப்பிட்டாப் போயிடாதீங்க."

கணவர் மனசில் முதல் வாக்கியம் மட்டும்தான் தங்கியது. பஸ் அம்மாப்பேட்டை தாண்டும் வரை மறுதாம்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தப் பேச்சு எனக்கும் இனித்தது. இலவு காத்த கிளி ஒன்றுக்கு இரண்டானது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும், "எலும்புலேருந்து எடுத்து வைக்கிற வைத்தியம் ஒண்ணு வருதும்மா" என்று தன் அம்மாவிடம் சொல்லிவைத்தார். வெறும் வாயை மெல்பவருக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? அந்த மாதமே நாத்தனாருக்கு வளைகாப்பு. வந்தவர்களிடமெல்லாம், "எங்க மருமவளுக்கும் வைத்தியம் வந்துடுச்சு, அடுத்த வருசம் இவளுக்குத்தான்" என்றார் என் மாமியார். நான் சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வளைகாப்புப் பெண் மணையை விட்டு எழுந்ததும், பிள்ளையில்லாதவளை அதிலேயே உட்காரவைத்து வளையல் போடுவார்கள். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். ஓடிவிடலாம் போலிருந்தது, ஓடினால் நல்ல காரியத்தில் அபசகுனம் என்பார்கள். உட்கார்ந்தேன். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு அந்த மணையில் உட்காருவதைப் போல அவமானம் வேறில்லை.

வளையலை ஏற்றிக்கொண்டே மாமியார் என் காதருகில் குனிந்தார். குலதெய்வத்துக்கு ஏதோ வேண்டுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லு. உன் எலும்புல எடுக்க வேணாம், நீ வலி தாங்கமாட்ட. என் எலும்புல எடுத்துக்கச் சொல்லு. எப்ப கூப்புட்டாலும் வர்றேன்."

எலும்பு வேண்டுமென்று டாக்டர் கேட்கவேயில்லை, எடுத்தாலும் பிள்ளை வருமா என்று யாருக்கும் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. "சொல்றேன் அத்தை" என்றேன்.

மறுநாளிலிருந்து மாமியார், எலும்புக்கு நல்லது என்று காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் குடிக்கிறார். நான்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன்.