ஜோட்டுக்கு வைத்த பொட்டு

என் தகரப் பெட்டியில் வலது கால் ஜோடு ஒன்று கிடக்கிறது. அதன் ஜோடியை எலி தின்றுவிட்டது. ரப்பர் அடி விறைத்து, கித்தான் துணி தொட்டால் உதிர்கிற நிலைமை. ஆனால் பெருவிரல் வருமிடத்தில் இருக்கிற கறுப்புப் பொட்டு மட்டும் நேற்று வைத்தது மாதிரி இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. காட்டு வாட்சர் வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் மலையடிவாரத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். வெறுங்காலோடு ஓடக் கூடாதாம். மலையில் எவன் காலில் ஜோடு இருந்தது? என் அக்காவைக் கட்டியவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு மூட்டை சுமந்தவர். துரை தன் பழைய வெள்ளை ஓட்ட ஜோட்டை அவரிடம் கொடுத்து, நிறம் கெடாமல் திருப்பித் தரவேண்டும் என்றார். வேலை கிடைத்தால் மாமா எங்கள் மலை ஊர்களான ஆலத்தூர் நாட்டிலேயே அக்காவோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணியோடு அக்காவை விட்டுப் போகவேண்டும். இருவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்பப்பா, அந்த ஜோட்டுக்கு நடந்த சேவகம்! ஊர் எல்லைக்குள் காலில் மாட்டினால் சாமி குத்தம் என்பதால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போய், எல்லை தாண்டித்தான் போட்டு ஓடுவார். திரும்பியதும் காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கி எறிந்து, காய்ந்த சேற்றைக் குச்சியால் சுரண்டி, பூந்திக்கொட்டை நுரையில் தேங்காய் நாரால் தேய்ப்பார். அடுப்போரம் வைத்தால் ரப்பர் இளகிவிடும் என்று, உள்ளே கேழ்வரகு வைக்கோலைத் திணித்து நிழலில் உலர்த்துவார். பிறகு நாமக்கட்டியைக் குழைத்து மேலே பூசுவார். "ஜோட்டுக்கே நாமம் போடறீங்களே மாமா" என்று நான் சீண்டினால், "வேலையில நாமம் போடாம இருந்தாச் சரி மாப்ள" என்பார்.

ஊரே வந்து அந்த வெள்ளையை வாய்பிளந்து பார்த்தது. அக்காவுக்கு அதுதான் பயம். குழந்தை கன்னத்தில் வைப்பதுபோல் ஜோட்டுக்கும் கரிப்பொட்டு வைத்தாள். மாமா கழுவும்போது அது போய்விடும். மறுபடி வைப்பாள், மறுபடி போய்விடும். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, எத்தனை கழுவினாலும் போகாத ஒன்றைக் கண்டுபிடித்தாள். துணிக்கு வண்ணார் குறி போடுகிற சேங்கொட்டைச் சாறு. தோலில் பட்டால் வெந்துபோகும் என்பது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் குச்சியில் தொட்டுத்தான் வைத்தாள். "துணி மேலதானுங்க, உங்களுக்கு என்ன ஆகப்போகுது" என்றாள். மாமாவும் சிரித்துக்கொண்டே மறுநாள் அதைப் போட்டு ஓடிப் பழகினார்.

பந்தயத்தன்று மலையிறங்கும்போதே கால் அரிக்கிறது என்றார். அட்டைக்கடி என்று நினைத்தோம். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நொண்டினார். அப்புறம் புழுதியில் உட்கார்ந்தேவிட்டார். நான் ஓடிப்போய் ஜோட்டை இழுத்தேன். ஐயோ சாமி! கொப்புளத்துத் தோல் ஜோட்டோடு கழன்று வந்தது. விரல் எது, சதை எது என்று தெரியவில்லை. ஜோட்டுக்குள் பார்த்தால் பொட்டின் சாறு துணியைத் தாண்டி உள்ளே கறுப்பாக ஊறி நின்றது. மாமா என் கையைப் பிடித்துச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "உங்கக்காகிட்ட மூச்சு விடக் கூடாது மாப்ள."

கறை பட்ட ஜோடு தனக்கு வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "கல்லு தடுக்கிருச்சு கண்ணு, கால் நசுங்கிப்போச்சு" என்றார் மாமா. அக்கா தலையாட்டினாள். "நல்லவேளை பொட்டு வெச்சேன், இல்லாட்டி காலே போயிருக்கும்" என்றாள். "ஆமா கண்ணு" என்றார். புண் ஆறியதும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், தலை நரைக்கத் தொடங்கியபிறகுதான் ஊர் திரும்பினார். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அப்புறமும் எத்தனையோ வருஷம் அந்தப் பொட்டின் பெருமையை அவள் பேச, அவர் ஆமாம் போட, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாமா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அக்கா இந்த ஜோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். பொட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் புதிதாக நாமக்கட்டி பூசியிருந்தாள்.

"நான் வெச்ச பொட்டுதானே அவரு காலை வேக வெச்சுது?"

"உனக்கு யாரு சொன்னாங்க அக்கா?"

"யாரு சொல்லோணும்? அன்னிக்கி அவரு காலக் கழுவி உட்டவ நானு. கல்லு தடுக்கி உழுந்தவருக்கு முட்டியில ஒரு சிராய்ப்பாச்சும் இருக்கோணுமில்ல சாமி? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு அவரு நிம்மதியா இருந்தாரு. அதையும் நான் கெடுப்பனா?"

இப்போது அவளும் இல்லை. ஜோட்டை வெளியே எடுத்தால் நாமக்கட்டித் தூள் மடியில் கொட்டுகிறது. கல்லு தடுக்கிருச்சு கண்ணு என்று அவர் சொல்ல, சிராய்ப்பே இல்லாத முட்டியைப் பார்த்துக்கொண்டே அவள் தலையாட்டியது, அருகிலேயே நின்ற என் கண்ணில் படவே இல்லை.