பதினேழு வயது ஃபிடெல்மா

சலவைக்கூடத்து நீராவிக்குள் எல்லாமே கொஞ்சம் மிதக்கிற மாதிரிதான் இருக்கும். ஆஸ்பத்திரி விரிப்புகளை நானும் ஃபிடெல்மாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்போம். போன குளிர்காலம் முழுக்க அவள் கை மடித்துக்கொண்டிருந்தது, வாய் ஐரிஷ் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது பதினாறு வயதில் பள்ளியை விட்டவள் ஃபிடெல்மா. நாற்பதைத் தாண்டியபின் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக ஆசை வந்துவிட்டது. அதற்கு அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வில் ஐரிஷ் மொழியை உயர்நிலைத் தாளாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியாக வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டாள். இதுவும் போனால் விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு உதவ எங்களால் முடியவில்லை. பதின்மூன்று வருடம் ஐரிஷ் படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். மிச்சமிருப்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஒரே வாக்கியம்.

வாய்மொழித் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். மாலை வகுப்பில் கொடுத்த பாடத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் கதையைச் சொல்வாள். கமோகி மட்டைப்பந்து ஆடுவாள், சனிக்கிழமை மிட்டாய்க் கடையில் நிற்பாள், தோழிகளோடு கால்வே கடற்கரைக்குப் போவாள். ஃபிடெல்மாவுக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது. சில நேரம் விரிப்பைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எங்கடி போயிட்டே?" என்றால், "கடற்கரைக்கு. எனக்குக் கிடைக்காத பதினேழுடி அது" என்பாள்.

ஈஸ்டருக்கு முன்னால் வாய்மொழித் தேர்வு. முடித்துவிட்டு நேரே வேலைக்கு வந்தாள்.

"கேள்வி கேட்டவர் டோனெகால்காரர்டி, அவர் பேச்சே வேற மாதிரி. உன்னைப் பத்திச் சொல்லுன்னார். பயத்துல அப்படியே ஒப்பிச்சுட்டேன். எனக்குப் பதினேழு வயசு, கமோகி ஆடுவேன்னு."

"இந்த நரைச்ச தலையோடவா?" நான் விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்து சிரித்தேன்.

"அவர் சிரிக்கல. பள்ளிக்கூடம் முடிச்சதும் என்ன செய்யப் போறேன்னு கேட்டார்."

அதற்கும் பாடம் தயாராக இருந்ததாம். ஆனால் வாயில் வரவில்லையாம். அவர் அவசரப்படுத்தவில்லையாம்.

"அப்புறம் நான் பதினாறுலயே நின்னுட்டேன்னு சொன்னேன். தம்பிங்க நாலு பேருக்கும் அடுப்படி மேசையில நான்தான் படிக்கச் சொல்லிக் குடுத்தேன். கடைக்குட்டி முதல் தடவை ஒரு வார்த்தையைத் தானாப் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த மூஞ்சிய மறுபடி பார்க்கணும், அதுக்குத்தான் வந்தேன்னு சொன்னேன்."

"இத்தனையும் ஐரிஷ்லயா?"

"தப்புத் தப்பா. ஆனா நான் பேசினேன்டி, அந்தப் பொண்ணு இல்ல."

இந்தத் தேர்வை வைத்தவர்களைத் திட்டாத நாள் எனக்குக் கிடையாது. அன்று மட்டும் திட்டாமல் எழுந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தேன்.

எழுத்துத் தேர்வும் முடிந்து ஆகஸ்டில் முடிவு வந்தது. கை ஈரம் என்று சாக்குச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். வேண்டிய மதிப்பெண் இருந்தது, மயிரிழையில். எனக்குச் சந்தோஷம்தான். இனி விரிப்பின் மறுமுனையை யார் பிடிப்பார்கள் என்று வயிற்றெரிச்சலும்தான்.

"வாங்கிட்டீங்க டீச்சரம்மா" என்றேன்.

"இன்னும் நாலு வருஷம் படிக்கணும்டி, இப்பவே கூப்பிடாதே" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.