சாம்பல் போடாத விதை

அண்ணே, உன்னைப் பேர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுதியதும் இல்லை. போன மாதம்தான் முதல்முறையாக ஒரு விண்ணப்பத்தில் உன் முழுப்பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்கச் சொன்னார்கள். பிழை வந்துவிடுமோ என்று வேறு தாளில் பலமுறை எழுதிப் பார்த்துக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவள்தானே நான்.

அந்த விண்ணப்பம் உன் அவரைக்காக. எல்லார் வீட்டு அவரையும் மார்கழிப் பனியில் பூத்து, தையில் காய்த்து, வெயில் ஏறியதும் ஓய்ந்துவிடும். நம் குவார்ட்டர்ஸ் பின்வேலியில் ஒரு கொடி மட்டும் சித்திரையிலும் பூத்தது. முதலில் பார்த்தவன் நீ. அதன் விதையைத் தனியாக எடுத்து விதைத்தாய். மறு வருஷம் அதிலும் கோடையில் காய்த்த கொடிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கினாய். நாலு வருஷம் இப்படியே செய்தாய். சித்திரை வந்தால் சுவரிலிருந்து தினசரி காலண்டரைக் கழற்றி வந்து, கொடிக்குப் பக்கத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுப்பாய். தேதி தெரிய வேண்டுமாம். என் முகம் ஒரு போட்டோவிலும் இல்லை. விரல்தான் இருக்கிறது.

வேளாண்மை ஆபீஸ் மேடம்தான் உனக்கு வழி சொன்னார். இது புது ரகமாக இருக்கலாம், வளர்த்தெடுத்தவன் தன் பெயரில் அரசாங்கத்தில் பதிந்துகொள்ளலாம், பிறகு வேறு யாரும் இதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது என்றார். அன்றிலிருந்து உனக்கு இதே பேச்சு. அப்பா வேலை பார்க்கும் மைன்ஸிலேயே உனக்குக் கான்ட்ராக்ட் வேலை. எந்த ஷிப்ட் போய்வந்தாலும் விடிந்ததும் கொடியிடம் நிற்பாய். அப்பா பல் தேய்த்துக்கொண்டே சொல்வார்: "பெர்மனென்ட் ஆவறதுக்கு வழி பாருடான்னா, இவன் அவரைக்காய பெர்மனென்ட் ஆக்கிகினு இருக்கான்." பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா, அவரைக்கு ஆதார் கார்டு எப்போது வரும் என்று கேட்பார். "வரட்டும்கா, மொத ஓட்டு உங்களுக்குத்தான்" என்பாய்.

அனுப்புகிற விதையில் மருந்தோ சாம்பலோ எதுவும் படக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. காடாம்புலியூரில் அம்மா பிறந்த வீட்டில், விதை என்றால் சாம்பல் புரட்டித்தான் எடுத்து வைப்பார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான். சாம்பல் ஒட்டியிருந்தால் அது விதைக்கு, இல்லாவிட்டால் சமையலுக்கு. வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீ மட்டும் துணியால் துடைத்துத் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் வெறுமனே போட்டு வைத்தாய்.

ஐப்பசி மழையில் பந்தல் சாய்ந்து கொடி அழுகிவிட்டது. அதற்கு முன்பே நெற்றையெல்லாம் பறித்துவிட்டாய். இருந்த விதை மொத்தமும் அந்த டின்னில்தான். கார்த்திகையில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தைய சாயங்காலம் நான் உன் போட்டோவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, நம் சின்னம்மா, அடுப்படியிலிருந்து டின்னோடு வந்தார்.

"இந்தக் கொட்டைய ஊற வெச்சிடட்டா? புள்ளைக்கு அவரைக்கொட்டை கொழம்புன்னா உசுராச்சே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினேன். சின்னம்மா மேல் தப்பே இல்லை அண்ணே. அவர் பார்த்தது சாம்பல் இல்லாத கொட்டை. பார்க்காதவள் நான்தான்.

மறுநாள் உனக்குப் படைத்து, காக்கைக்கு வைத்து, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். சாயங்காலம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் அந்த டின் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முறத்தில் தேடினேன். அடுப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுகூடச் சிந்தியிருக்கவில்லை. சின்னம்மா கை அப்படி.

அம்மா என்னைத் திட்டவில்லை. டின்னைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் வெச்சத அவனே சாப்ட்டுட்டுப் போய்ட்டான்னு நெனச்சிக்கோ."

அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. ஆபீசுக்குப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாரிசாக அம்மா விண்ணப்பிக்கலாம், உருவாக்கியவர் என்ற இடத்தில் உன் பெயரே இருக்கும் என்றார். ஆனால் போட்டோவை மட்டும் வைத்து எதையும் பதிய முடியாதாம். விதை வேண்டும்.

மார்கழியில் உன்னோடு வேலை பார்த்த மேல்பட்டாம்பாக்கத்து நண்பர் துக்கம் கேட்க வந்தார். டின் கதையைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வருசம் எனக்கு ஒரு கைப்புடி குடுத்தான்மா. யார்கிட்டயும் சொல்லாதடான்னான். கொல்லையில போட்டோம். எங்கம்மா வெத எடுத்து வெச்சிச்சா என்னான்னு தெரியலயே."

மறுநாளே அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். அவருடைய அம்மா ஒரு பழைய தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திறந்தால் முழுக்கச் சாம்பல். கையை விட்டேன். உள்ளே கொட்டை கொட்டையாகத் தட்டுப்பட்டது.

"சாம்பல் போட்டுத்தான் வெச்சிருக்கேன். சும்மா கெடந்திருந்தா எப்பவோ கொழம்பு வெச்சிருப்பேன்மா" என்றார்.

அவர் வீடு என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அந்த அம்மா முந்தானையால் என் கைச் சாம்பலைத் துடைத்துவிட்டார். தொழுகையில் உனக்காக துவா செய்வதாகச் சொன்னார்.

சாம்பல் பட்டதை அனுப்ப முடியாது. விதைத்து, காய்க்க வைத்து, சுத்தமான விதை எடுக்க வேண்டும். தை பிறந்ததும் உன் இடத்திலேயே போட்டேன். அப்பாவுக்கு ஆனியில் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் விதை எடுத்தாக வேண்டும். சித்திரையில் காய்த்தால்தான் அது உன் அவரை. காய்க்காவிட்டால், ஊரில் இருக்கிற அவரையில் ஒன்று. நிரப்பிய விண்ணப்பம் அம்மாவின் புடவைக்கு அடியில் காத்திருக்கிறது.

இப்போது பங்குனி. கொடி பந்தல் ஏறிவிட்டது, மொட்டு இன்னும் இல்லை. ஷிப்டுக்குப் போகும் முன் அப்பாதான் தண்ணீர் ஊற்றுகிறார். கேலியெல்லாம் நின்றுவிட்டது. முந்தாநாள் கூடத்துக் காலண்டரைக் கழற்றிப் பின்கதவு ஆணியில் மாட்டினார்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். கோயிலில் நின்றோ, துவாவோ, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அப்படி. அவன் பெயர் உங்களுக்குத் தெரியாது. அவரை வளர்த்த பையன் என்று சொல்லி வேண்டிக்கொண்டால் போதும்.